அக்காவும் மனைவியும் நின்ற வார்டு

அந்த நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்றுதான் கட்டினார்கள். ஒரு பக்கம் என் மனைவி, இன்னொரு பக்கம் என் அக்கா. மில்லில் மிஷினுக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தாலும் கூட வேலை செய்கிறவர்கள் விடமாட்டார்கள். காலைத் தட்டி, “ஃபிட்டரே, முடிவு பண்ணிட்டீங்களா?” என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள். ராஜபாளையத்தில் அந்த மாதம் என்னைவிட அதிகம் அடிவாங்கிய மத்தளம் இருந்திருக்காது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனாலும் அந்த நாட்களை இப்போது நினைத்தால் கோபம் வருவதில்லை. மீசையைத் தடவிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அதற்கு முன்னால் எங்கள் வார்டின் கவுன்சிலர். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. அத்தான் கெட்டவர் இல்லை. கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், இழவு விழுந்த துட்டி வீட்டுக்கும் முதல் ஆளாக வருவார். வாறுகால் அடைத்துக்கொண்டால் மட்டும் வரமாட்டார். தெருவோரச் சாக்கடையை எங்கள் ஊரில் வாறுகால் என்போம். மழைக்காலத்தில் அது வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். போய்ச் சொன்னால், “எஸ்டிமேட் போட்டாச்சு மாப்ள” என்பார். அவர் போட்ட எஸ்டிமேட்டை எல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தாலே ஒரு தெருவுக்கு ரோடு போட்டிருக்கலாம்.

அவர் பதவியில் இருந்தபோதுதான் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் தெரு நடுவில் ஒரு குழி தோண்டினார்கள். குழாய் வந்தது. ஆட்கள் போனார்கள். குழி மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. பால்காரர் சைக்கிளோடு விழுந்தார். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெரியம்மாவின் ஆடு விழுந்தது. பலமுறை மனுக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

என் மனைவி பக்கத்தில் இருக்கும் தேவதானத்துக்காரி. விவசாயக் குடும்பம். வயலுக்குத் தண்ணீர் முறை வரும்போது வரப்பில் நின்று வாதாடிப் பழகிய வாய். ஒருநாள் காலையில் அவள் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், கற்கண்டு எல்லாம் வைத்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். யார் வீட்டு விசேஷம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். தெருப் பெண்கள் பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு நேராக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே அதிகாரி முன்னால் தட்டை நீட்டி அவள் சொன்னதை, கூடப்போன பெண்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள்.

“சார், எங்க தெருக் குழிக்கு வார வெள்ளிக்கெழமை மொட்டையெடுத்துக் காது குத்துதோம். தோண்டிப் போட்டது நீங்க, சீராட்டி வளத்தது நாங்க. தாய்மாமன் மடியில வச்சுத்தான காது குத்தணும்? கவுன்சிலர உக்கார வைக்கலாம்னு பாத்தா, அவிய புள்ளயத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காக. அதனால நீங்கதான் தாய்மாமன். குடும்பத்தோட வந்துரணும்.”

வெற்றிலைத் தட்டை நீட்டினால் வாங்காமல் விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வாங்கிவிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பாவம், அந்த அதிகாரியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். கை தன்னால் நீண்டு தட்டை வாங்கிவிட்டது. வாங்கிய பிறகுதான் எதை வாங்கினோம் என்று அவருக்கு உறைத்தது. அலுவலகமே எழுந்து நின்று சிரித்ததாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே லாரியில் மண் வந்து குழி மூடப்பட்டது. பெண்கள் விடவில்லை. சொன்ன வெள்ளிக்கிழமையன்று மூடிய இடத்தில் கோலம் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, அதிகாரிக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினார்கள்.

ஊரே சிரித்தது, அத்தானைத் தவிர. அக்காகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என்று கேள்வி.

அடுத்த தேர்தல் அறிவிப்பில் எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆகிவிட்டது. அத்தானுக்கு அது பெரிய இடியாக இல்லை. அக்காவை நிறுத்தினார். கட்சியும் சரி என்றது. அக்கா என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் வார்டு என்றால் நடைமுறை இதுதான். பெயர் மனைவிக்கு, நாற்காலி கணவனுக்கு.

எங்கள் தெருப் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மனைவியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமாவும் வந்திருந்தார். அவர் முஸ்லிம், நாங்கள் இந்து. ஆனாலும் என் அப்பா காலத்திலிருந்து அவர் எனக்கு மாமா, என் மனைவி அவருக்கு மருமகள்.

“மருமகளே, நீ நில்லு. நான் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடுதேன். தட்டுத் தூக்கிட்டுப் போயி குழிய மூடுனவ, உள்ள போயி உக்காந்தா எம்புட்டுச் செய்வ!” என்றார்.

தெலுங்குப் பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மன பில்ல” என்று அழுத்திச் சொன்னார். நம்ம பொண்ணு என்று அர்த்தம்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அதே நேரம் அக்காவின் முகமும் கண்முன் வந்து நின்றது. அம்மா மில் வேலைக்குப் போன காலத்தில், என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறூட்டி, மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவள் என் அக்கா. அவளுக்கு எதிராக என் வீட்டிலிருந்தே ஒருத்தி.

“மதினிக்கு எதிரா நான் நிக்கல. மதினிய முன்னால நிறுத்திட்டு அண்ணாச்சி பின்னாலருந்து ஆட்டுதாகல்ல, அதுக்கு எதிராத்தான் நிக்கேன்” என்றாள் மனைவி. “நீங்க வேண்டாம்னா இப்பமே சொல்லுங்க.”

“நில்லு,” என்றேன். சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மனுத் தாக்கல் செய்த அன்று அத்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. வண்டியை ஓடவிட்டபடியே பேசினார்.

“மாப்ள, ஒம் பொண்டாட்டி வாபஸ் வாங்கணும். இல்லன்னா இனிமே பொங்கப்படி அது இதுன்னு எதையும் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வராத. ஒங்க அக்காவும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டா.”

கல்யாணமான நாள் முதல் வருடம் தவறாமல் பிறந்த வீட்டிலிருந்து அக்காவுக்குப் போகும் பொங்கல் சீர் அது. அப்பாவுக்குப் பிறகு நான் கொண்டுபோனேன். அரிசியும் கரும்பும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, தம்பி படியேறி வருகிறானே என்று வாசலிலேயே நிற்பாள். அதை நிறுத்துவேன் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் வண்டி போய்விட்டது. உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன்.

“மதினி வாயால சொல்லட்டும். வாபஸ் வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

பிரச்சாரம் தொடங்கியது. மனைவிக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். கடையில் இருந்த பூட்டுகளை எல்லாம் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தோம். வந்த கட்டைப் பிரித்தால் என் படம் பெரிதாகக் கைகூப்பி நிற்கிறது, மனைவி படம் தபால்தலை அளவில் ஓரத்தில் இருக்கிறது. கேட்டதற்கு, “பெண்கள் வார்டுன்னா அப்படித்தாங்க அடிக்கிறது, எல்லாருக்கும் அப்படித்தான் அடிச்சிருக்கோம்” என்றார் அச்சகக்காரர். அவர் மேல் தப்பில்லை, ஊர் வழக்கம் அது. மனைவி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். மீசைக்கு மை போட்டு எடுத்த நல்ல படம்.

“ஓட்டுக் கேக்கப் போறது நான். நீங்க பின்னால தண்ணி கேன் தூக்கிட்டு வாங்க, போதும்” என்றாள். தூக்கினேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், வார்டு முழுக்கத் தூக்கினேன். கேலி செய்தார்கள். “ஃபிட்டருக்குப் பிரமோஷன்” என்றார்கள். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

அக்காவின் ஊர்வலத்தில் அத்தான்தான் முன்னால். மைக் அவர் கையில். அக்கா ஆட்டோவில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டே போவாள். அவள் குரலை யாரும் கேட்கவில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் நான் தண்ணீர் கேனோடு சந்துக்குள் ஒதுங்கிவிடுவேன். அவள் பார்வை மட்டும் என்னைத் தேடுவது தெரியும்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது அந்த ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. மனைவி அப்போதுதான் ஒரு சுற்று முடித்து வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். வேட்பாளர் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஆலாத்தி எடுத்து, திலகமிட்டு அனுப்புவது எங்கள் ஊர் மரியாதை. பக்கத்து வீடுவரை எடுத்தார்கள். “அந்த வீட்ட விட்ருங்க, வண்டிய நிப்பாட்டாமத் தாண்டிப் போங்க” என்று அத்தான் சொல்வது உள்ளே கேட்டது. நான் ஜன்னலோரம் ஒளிந்தவன் மாதிரி நின்றேன்.

வண்டி நகர்ந்தது. “நிப்பாட்டுங்க” என்றது ஒரு குரல். அக்கா இறங்கினாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் தனியாக நடந்து வந்து எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்றாள். ஏறவில்லை. அவள் பிறந்த வீடு அது. படியேறத் தெரியாமல் நின்றாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஆலாத்தித் தட்டு. எப்போது கரைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“மதினி, பொறந்த வீட்டுக்கு வேட்பாளரா வந்திருக்கிய. ஆலாத்தி எடுக்காம எப்படி அனுப்புவேன்? கெழக்கப் பாத்து நில்லுங்க.”

சுற்றி எடுத்தாள். குனிந்து அக்காவின் நெற்றியில் பொட்டு வைத்தாள். எதிர்த்து நிற்பவளுக்கு ஆலாத்தி எடுக்கும் வேட்பாளரை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் நிமிர்ந்து, வாசலுக்கு வந்துவிட்டிருந்த என்னைப் பார்த்தாள்.

“ஏலே தம்பி, ஒங்கிட்ட ஓட்டுக் கேக்க வந்திருக்கேன்” என்றாள்.

இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அக்கா. நடுவில் பந்தயம் கட்டியவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் விழிப்பதைப் பார்த்து மனைவியே பேசினாள்.

“ஓட்டு ஒங்களுது, ஒங்க இஷ்டம். ஆனா பொறந்த வீட்டு வாசல்ல வந்து ஒரு பொண்ணு வாய்விட்டுக் கேட்டா வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஒங்க ஓட்ட மதினிக்குப் போடுங்க. மிச்ச ஓட்டுல நான் செயிச்சுக்கிடுதேன்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஓட்டை எடுத்துத் தானம் பண்ண இவள் யார் என்று. அடுத்த கணமே அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்குள் இத்தனை நாளாக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்ததை அவள் ஒரே வார்த்தையில் அவிழ்த்துவிட்டாள். “போடுதேன்க்கா” என்றேன். அக்கா படியேறி உள்ளே வந்தாள். காபி குடித்தாள். டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்தாள்.

வெளியே போன அக்கா ஆட்டோவில் ஏறவில்லை. அத்தான் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். “இத்தன நாளா அவிய பேசுனாக. இனிமே நான் பேசுதேன்” என்றாள். அவர் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது. “எங்க வீட்டு முன்னால ஓடுத வாறுகாலே நாறிக்கிட்டுத்தான் கெடக்கு. கவுன்சிலர் பொண்டாட்டி எனக்கே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் சோறாக்க வேண்டியிருக்கு. நான் செயிச்சா மொதல்ல அதத்தான் அள்ளுவேன்.” கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. அத்தான் மட்டும் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அக்கா ஒரு தெருவைக்கூட விடவில்லை, வீடு வீடாக நடந்தாள். வெள்ளைச்சோளம் பொரிந்தது மாதிரி பேச்சு. எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. சின்ன வயதில் நான் அடம்பிடித்தால் கதை சொல்லியே சோற்றை உள்ளே தள்ளியவள் அவள். அந்த வாய் எங்கே போயிருக்கும், பூட்டித்தான் வைத்திருந்தார்கள்.

“மதினி பேச ஆரம்பிச்சிட்டாக. இனிமே நான் தோத்தாலும் தோத்துருவேன்” என்றாள் மனைவி. முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாக்குப்பதிவு நாளன்று வரிசையில் என் பின்னால் நின்றவர், “எங்க போடப்போறிய?” என்றார். “ஊருக்கே தெரியுமே” என்றேன். உள்ளே போய் அக்காவின் சின்னத்தை அழுத்தினேன். விரல் ஒரு நொடி பூட்டு சாவியின் பக்கம் போய் நின்றது உண்மைதான். ஆனால் சொன்ன சொல் சொல்தான். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். அன்று எனக்கு இரண்டும் ஆடின.

ஓட்டு எண்ணிக்கை நாள் வந்தது. முதல் மிஷினில் அக்கா முந்தினாள். அடுத்ததில் மனைவி நெருங்கினாள். கடைசி மிஷின் எங்கள் தெருவும் மாமா குடியிருக்கும் தெருவும் சேர்ந்த பூத். அதில் மனைவி முந்திவிட்டாள். வித்தியாசத்தை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம், அவ்வளவுதான். வாசலில் வைத்து அவள் விட்டுக்கொடுத்த அந்த ஓர் ஓட்டைப் பற்றித்தான் வார்டெல்லாம் பேச்சு. “புருசன் ஓட்டயே தூக்கிக் குடுத்தவ, நம்மகிட்டருந்து எத எடுத்துரப்போறா” என்று சொல்லிச் சொல்லி அவளுக்குக் குத்தினார்களாம்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு மனைவி வெளியே வந்தாள். மாமா கொண்டுவந்த மாலை கழுத்தை மறைத்தது. கேட்டருகில் அத்தான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார், அக்காவைக் கூப்பிட. அக்கா உள்ளேயிருந்து நிதானமாக நடந்து வந்தாள். அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஏட்டி, நான் எனக்குத்தான் ஓட்டுப் போட்டேன், தெரியுமா?” என்றாள் என் மனைவியிடம். “மிஷின்ல என் பேரப் பாத்ததும் கை தன்னால போயிருச்சு. அவிய பேரு இல்லாம எம் பேர மட்டும் எழுதி எங்கயும் நான் பாத்ததில்ல.”

“நல்லதுதான பண்ணிருக்கிய” என்றாள் மனைவி. “அடுத்த தடவையும் நில்லுங்க மதினி.”

“நிக்காம? ஆனா இந்தத் தடவ மாதிரி யாரும் நிப்பாட்டி நிக்க மாட்டேன்.”

அத்தான் மறுபடியும் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பி, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், உரத்த குரலில் சொன்னாள்.

“நீங்க போங்க. நான் எங்க கவுன்சிலர்கிட்ட வாறுகாலப் பத்திப் பேசிட்டுப் பொறவு வாரேன்.”

அவர் அக்காவையே பார்த்தார். பிறகு வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஓரமாகக் காத்து நின்றார்.

என் வீட்டில் பிறந்தவள் ஒருத்தி, என் வீட்டுக்கு வந்தவள் ஒருத்தி. எந்தத் தெருவில் தோண்ட வேண்டும், தண்ணீர் எங்கே போய் விழ வேண்டும் என்று இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். கனமாக இருக்கிறது என்று மனைவி கழற்றிக் கொடுத்த மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நான் யார் பின்னாலும் நடந்ததில்லை.